நான் விழுங்கிவிட்ட அரை வாக்கியம்

பெற்றோலுக்காக ஊரே வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம் இது நடந்தது. இடம், கற்பிட்டிக்குப் போகிற வீதியில் களப்பை ஒட்டியிருக்கும் ஒரு கிராமம். நான் புத்தளம் டவுனில் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நீளம். அதனால் வெளியிலிருந்து யாராவது வந்து எங்கள் சனங்களோடு கதைக்க வேண்டுமென்றால் எல்லாரும் என்னைத்தான் கைகாட்டி விடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மறைப்பானேன்?

அந்த முறை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொழும்பில் சின்னதாக ஒரு கம்பனி தொடங்கியிருந்த பெண். கிட்டத்தட்ட என் வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு, இங்கேயே ஏதாவது செய்ய வேண்டுமென்று திரும்பி வந்தவர். மற்றவர் அந்தக் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிற சிங்களத் தம்பி. முப்பது வயது இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கண்ணை மூடி யோசிக்கிற ஆள்.

புத்தளத்தில் அவர்கள் தங்கியிருந்த இடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு முதல் நாள் கதைத்தோம். "புளொக்செயின்" என்ற சொல் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. என் சாச்சியின் மகன் கிரிப்டோ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஓடித் திரிந்த மோட்டார் சைக்கிளை விற்றுப் போனில் ஒரு செயலியில் போட்டான். ஒருநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பார்த்தால் செயலியே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அதனால் நேரேயே கேட்டேன். இது பிட்கொயின் வியாபாரமா? அப்படியென்றால் இந்தத் தேத்தண்ணியோடு நான் எழும்பிப் போகிறேன் என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கோபிக்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தின்போது மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களில் பலரிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. விட்டுவிட்டு வந்தார்கள், அல்லது வழியில் தொலைத்தார்கள். அந்தக் காணிகள் எங்கே இருந்தன, கிழக்கில் யார், மேற்கில் யார், எந்த மூலையில் கிணறு என்று ஞாபகத்தில் இருப்பதையாவது ஒழுங்காகப் பதிந்து வைப்போம், பிறகு ஒரு காலத்தில் சாட்சியாக உதவலாம் என்பதுதான் அவருடைய யோசனை. இது உறுதிப் பத்திரம் இல்லை, சட்டப்படி இதற்கு ஒரு பெறுமதியும் இல்லை, சனங்களிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அதற்கு ஏன் புளொக்செயின், ஒரு கொப்பியில் எழுதினால் போதாதா என்று கேட்டேன். இப்போது அந்தத் தம்பி கண்ணை மூடித் திறந்தார். ஒரே இடத்தில் இருக்கிற பதிவை ஒருவர் நினைத்தால் மாற்றிவிடலாம். இது பத்துக் கொம்பியூட்டரில் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு பதிவும் அதற்கு முந்தின பதிவோடு கோர்க்கப்பட்டிருக்கும். ஒன்றில் கைவைத்தால் மற்ற ஒன்பதும் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியதைத் திருத்த முடியாது, அதற்குக் கீழே புதிதாக ஒன்றை எழுதத்தான் முடியும். இப்படிச் சொன்னார்.

எனக்கு உடனே ஓடியது. காவின் புத்தகம்! நிக்காஹ் முடிந்ததும் பதிகிற அந்தப் புத்தகம் பதிவாளரிடம் மட்டும் இல்லாமல், கலியாணத்துக்கு வந்த பத்துப் பேர் வீட்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் எப்படி? ஒருவர் தன் பிரதியில் மாப்பிள்ளையின் பெயரை மாற்றினாலும் மற்ற ஒன்பது வீடும் சும்மா விடாதே! இதைச் சொன்னதும் அந்தத் தம்பி மேசையில் தட்டிச் சந்தோஷப்பட்டார். கிராமத்தில் இதையே சொல்லுங்கள் மிஸ், நான் இரண்டு வருஷமாக விளக்கித் தோற்றதை நீங்கள் இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிட்டீர்கள் என்றார். சும்மாவே தலைகால் தெரியாது எனக்கு. அன்றைக்குக் கேட்கவும் வேண்டுமா?

கிராமத்தில் மதரசா மண்டபத்தில் கூட்டம். நாற்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். என் காவின் புத்தகக் கதை நன்றாகவே எடுபட்டது. ஆனால் எங்கள் சனங்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு மீன்காரர் எழும்பி, "டீச்சர், இது ஹலாலா ஹராமா எண்டு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க" என்றார். பதிகிறவர்களுக்குப் பிறகு டோக்கன் என்று ஒன்று கொடுக்கவும் யோசனை இருக்கிறதென்று அந்தப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "டோக்கனா? பெற்றோலுக்கு எடுத்த டோக்கனே இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு" என்று இன்னொருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. நான் அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் கொப்பியில் எதையோ கோடு போட்டு வெட்டினார். அதற்குப் பிறகு டோக்கன் என்ற கதையே வரவில்லை.

அடுத்த நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதிவு செய்தோம். அந்தத் தம்பி பக்கத்தில் இருப்பார். நான் கேட்டு, அவர்கள் கொண்டுவந்த டேப் கொம்பியூட்டரில் தட்டுவேன். நான்கு பக்கம். ஒரு பக்கம் முடிந்து பொத்தானை அழுத்தினால் அது போய்விடும், அடுத்தது வரும்.

பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ராத்தா வந்தார். அக்காவை எங்கள் சனங்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கியிருப்பார். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். கணவர் ஆறு வருஷத்துக்கு முன் மவுத்தாகிவிட்டார். துணைக்கு மகளைக் கூட்டி வந்திருந்தார், அந்த மகளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வயது. மன்னார்த் தீவில் இருந்த வளவு பற்றி ராத்தா சொல்லத் தொடங்கியதும் நான் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியதாகிவிட்டது. வேலியில் எந்த இடத்தில் ஓட்டை, எந்த வீட்டு ஆடு அதற்குள்ளால் வரும் என்பது வரை சொன்னார்.

உரிமையாளர் பெயர் என்று கேட்டேன்.

"மூத்த மகள்ட பேரப் போடுங்க டீச்சர். வளவு அவவுக்கெண்டுதான் அவங்கட வாப்பா வச்சவர்."

அது எங்களுக்குள் வழக்கம்தான். பெண்பிள்ளை பிறந்தால் வீடு வளவு அவளுக்கு. இந்தப் பக்கத்திலும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற மகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் சொன்ன பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டி, பொத்தானை அழுத்தினேன். அடுத்த பக்கத்தில் வயது கேட்டிருந்தது.

"மகளுக்கு இப்ப எத்தின வயசு ராத்தா?"

"நாப்பத்து மூணு நாள்."

நான் தலையை நிமிர்த்தினேன். பக்கத்தில் நின்ற மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அது எண்ட ராத்தா" என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு அந்தத் தாய் சொன்னதை அவர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்பது முடிந்து தலைமுடி இறக்கி மூன்றாம் நாள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். பிறப்பைப் பதிய இன்னும் போகவில்லை, நாற்பது கழியட்டும் என்று இருந்தார்களாம். திறந்த படகு. மழை. பிள்ளைக்குக் காய்ச்சல். கரை வருவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. கரை தெரியும்வரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சீலைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாராம். இறங்கிய இடத்தில் அங்குள்ளவர்கள் ஜனாசா தொழுது பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பிள்ளையை அடக்கிய கபுறு எதுவென்று தெரிந்தவர் கணவர் மட்டும்தான், அவரும் இப்போது இல்லை. அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டை எப்போதோ உக்கிப் போனது. அகதி முகாமில் பெயர் எழுதிய நேரம் உயிரோடு இருந்தவர்களைத்தானே எழுதினார்கள்? அந்தப் பெயர் இந்த உலகத்தில் எந்தத் தாளிலும் இல்லை.

அப்போதுதான் டேப்பைப் பார்த்தேன். பயம் வந்துவிட்டது. பதிவைப் பிழையாக அனுப்பிவிட்டேனே! அந்தத் தம்பியிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி, முதல் பக்கத்தை அழிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் டேப்பை வாங்கிப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்து, அழிக்க முடியாது, முந்தினது பிழையென்று குறித்துக் கீழே இளைய மகளின் பெயரைப் போடலாம் என்றார். நான் அதை ராத்தாவிடம் சொன்னேன்.

"கீழ சின்னவட பேரப் போடுங்க. ஆனா மேல பிழையெண்டு போட வாணாம். அது பிழ இல்ல" என்றார்.

பிறகு டேப்பைக் காட்டிக் கேட்டார். "நேத்து நீங்க சொன்னீங்களே, பத்துப் பேர் கையில இருக்கும் எண்டு. அப்ப இந்தப் பேரு அழியவே அழியாதா?"

நான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். அதை இப்போது சரியாகத் தமிழில் சொல்கிறேன். "அந்தக் கொம்பியூட்டர்களை யாராவது இயக்கிக்கொண்டிருக்கும்வரை, அதை ஒருவராலும் அழிக்க முடியாது."

அன்றைக்கு நான் தமிழில் சொன்னது இது. "இல்ல ராத்தா. ஒருநாளும் அழியாது."

ஏன் முதல் பாதியை விழுங்கினேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். வெயில். அந்த நேரம் கொம்பியூட்டரை யார் இயக்குகிறார் என்ற கதையெல்லாம் ஒரு தாய்க்கு எதற்கு என்றும் நினைத்தேன். அதையெல்லாம் விட உண்மை ஒன்று உண்டு. அப்படியொரு நல்ல செய்தியைச் சொல்கிற வாய் என் வாயாக இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருந்தது.

அவர் அழுதார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். நாங்களே ஒரு தாளில் எழுதி வைத்தால் என்ன உம்மா என்று மகள் முன்பு கேட்டிருக்கிறாராம். அதற்கும் அன்றைக்கு அவரே பதில் சொன்னார். "நாம எழுதினா அது நாம எழுதினது. பத்துப் பேரு சாட்சியா வச்சிருந்தா, அவ இருந்தா எண்டு ஆகும்." என் காவின் புத்தகக் கதை அவர் மனதில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பெருமை வேறு! அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பதிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். அதில் பெயர் கிடையாது, கட்டம் கட்டமாக ஒரு குறி மட்டும். போனில் ஸ்கேன் பண்ணினால் பதிவு திறக்கும். ராத்தாவின் போன் பொத்தான் போன். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகளின் போனில் அதைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். வாசிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாத பெயர். அதைக் கால் மணித்தியாலம் பார்ப்பார் என்று மகள் எனக்குப் போனில் சொன்னார். நான் இதை என் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்கு வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்தாவின் மகள் போன் எடுத்தார். "டீச்சர், அட்டையப் புடிச்சா ஒண்டும் வருதில்ல. ரெண்டு கிழமையா இப்படித்தான். உம்மாக்கிட்ட சிக்னல் இல்லயெண்டு சொல்லி வச்சிருக்கன்."

சிக்னலாகத்தான் இருக்கும், உங்கள் பக்கம் எப்போது ஒழுங்காக இருந்தது என்று நான் பகிடியாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று அந்தத் தம்பிக்கு அழைப்பு எடுத்தேன்.

அவர் வேறு வேலைக்கு மாறியிருந்தார். உதவி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், கம்பனியை மூடிவிட்டார்கள், அந்தப் பெண் திரும்பவும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். பத்துக் கொம்பியூட்டர் என்றது பத்து வீடு இல்லையாம். முதலில் தாங்களே வாடகைக்கு எடுத்து ஓட்டி, பிறகு பள்ளிவாசல், பாடசாலை, சங்கம் என்று பத்து இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் திட்டம். அந்தப் "பிறகு" வரவேயில்லை. மூடும்போது சனங்களுடைய தனிப்பட்ட விபரங்களை யாரும் வைத்திருக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தின்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பிரதி இல்லை. நான் கத்தினேன். ஒருநாளும் அழியாது என்றீர்களே என்று கேட்டேன். அவர் அதே நிதானமான குரலில், நான் அப்படிச் சொல்லவில்லையே மிஸ், இயக்கிக்கொண்டிருக்கும்வரை என்றுதானே சொன்னேன் என்றார்.

ஓம், அவர் சொன்னார். என் காதால் கேட்டேன். கேட்டது நான் ஒருத்திதான்.

அவரும் கலங்கித்தான் இருந்தார். அந்தப் பெயரை அனுப்புங்கள், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிற பெரிய புளொக்செயின்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் நான் என் செலவில் எழுதிவிடுகிறேன், அது ஒரு கம்பனியை நம்பி இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் பின்னேரமே கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க, எப்படிச் சொன்னால் அவருக்கு நோகாது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். பழைய புத்தி.

ராத்தா வாசலில் உட்கார்ந்து அடுத்த நாள் மாவுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். அடுக்கி வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை. அந்தத் தம்பி அன்றைக்குச் சொன்னதையும், நான் தமிழில் சொன்னதையும், இடையில் நான் விட்டதையும் அப்படியே சொன்னேன். இப்போது அந்தப் பதிவு இல்லையென்றும் சொன்னேன்.

அவர் சுளகைக் கீழே வைத்தார். கோபிப்பார், அழுவார் என்று நினைத்தேன். "பத்துப் பேரும் மறந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வாய்க்கு வந்ததை உளறினேன். பிள்ளை சுவர்க்கத்தில் இருக்கிறது, பெயர் அல்லாஹ்வின் ஏட்டில் இருக்குதானே ராத்தா என்றேன்.

"அது இருக்கு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல டீச்சர். நான் மனிசர்ட ஏட்டத்தான் கேட்டன்" என்றார்.

நான் அவசர அவசரமாக அந்தத் தம்பியின் யோசனையைச் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பெரிய புளொக்செயின், ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர், அதுவும் மனிதர் ஓட்டுகிற வரைக்கும்தான், ஆனால் லேசில் நிற்காது. ஓம் என்று மட்டும் சொல்லுங்கள், இப்போதே அனுப்புகிறேன் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். மகளும் "ஓம் சொல்லுங்கவன் உம்மா" என்று கெஞ்சினார்.

அவர் என் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினார். மாவும் தவிடும் ஒட்டிய கை.

"வாணாம் டீச்சர். இனி எங்கயும் எழுத வாணாம். இது ரெண்டாந்தரம் அடக்கின மாதிரி இருக்கு. மூணாந்தரம் எனக்கு ஏலா."

பிறகு அவர்தான் என்னைத் தேற்றினார். குறை நினைக்காதீங்க, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றார். தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பஸ் போய்விடும், பார்த்துப் போங்க என்று வீதி வரைக்கும் கூட வந்தார். அந்த அட்டையை மகளிடம் கேட்டு வாங்கி அடுப்புக்குள் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இதில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏன் இல்லையென்று இப்போது விளங்கியிருக்கும். எனக்கு அது தெரியும். நானே என் கையால் எழுத்துக்கூட்டித் தட்டிய பெயர். எங்கேயும் எழுத மாட்டேன் என்று அன்றைக்கே ராத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் யாராவது கூப்பிட்டால் மொழிபெயர்க்கப் போகிறேன். "வரை", "என்றால்", "ஒருவேளை" என்று எந்தச் சின்னச் சொல்லையும் விடாமல் சொல்கிறேன். டீச்சர் முன்னைப் போல இல்லை, இழுக்கிறா என்று ஊரில் சொல்கிறார்களாம். சொல்லட்டும். ஒரு தாய்க்கு என் வாயால் கொடுத்ததை என் வாயாலேயே பறித்துக்கொண்டு வந்த அந்தப் பின்னேரம், நான் எந்த மொழியில் பேசத் தொடங்கினாலும் இன்றைக்கும் முதலில் வந்து என் முன்னால் நிற்கிறது.